தனுஷ்கோடி ரயில் நிலையம்: ஐம்பது ஆண்டு வாழ்வு, ஓர் இரவு, அதன் பிறகு

1964 டிசம்பர் புயலில் பாம்பன் ரயில் பாலத்தின் 145 இரும்புத் தூலங்களில் 126 கடலுக்குள் போயின. 46 நாளில் பாலம் மறுபடி ரயிலைத் தாங்கியது. அதே புயல், பாலம் போய்ச் சேரும் ராமேஸ்வரம் தீவின் மறுமுனையில் இருந்த தனுஷ்கோடி நிலையத்தையும் அழித்தது. அறுபது ஆண்டுகள் தாண்டியும் அங்கே ஒரு தண்டவாளம்கூடத் திரும்பப் போடப்படவில்லை. ஒரே ரயில்வே, ஒரே புயல், ஒரே தீவு. ஒன்றை இரவு பகலாக உழைத்து மீட்டார்கள், மற்றொன்றை மணலுக்கு விட்டுவிட்டார்கள். இது ஏன் இப்படி நடந்தது என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி. விடை புயலுக்கு ஐம்பது ஆண்டு முன்பிருந்தே தொடங்குகிறது.

கப்பலுக்காகப் பிறந்த நிலையம்

தனுஷ்கோடி நிலையம் ஊருக்காகக் கட்டப்பட்டதல்ல. நிலையம் வந்த பிறகுதான் ஊரே பெரிதானது. அந்த இடத்தில் ரயிலை நிறுத்த ஒரே காரணம், அங்கிருந்து இலங்கையின் தலைமன்னார் கடல்வழியாகச் சுமார் 35 கிலோமீட்டர்தான் என்பது.

அதற்கு முன்பும் சென்னையிலிருந்து கொழும்புக்கு ரயிலும் கப்பலுமாகப் போகும் வழி இருந்தது. தூத்துக்குடி வரை ரயில், அங்கிருந்து நீராவிக் கப்பல். ஆனால் அந்தக் கடல் பயணம் நீளமானது. பாக் நீரிணையின் மிகக் குறுகிய இடத்தைப் பிடித்துவிட்டால் கடலில் இருக்கும் நேரம் இரண்டு மூன்று மணியாகச் சுருங்கிவிடும். தனுஷ்கோடிக்கும் இலங்கைக்கும் நடுவே கடலில் வரிசையாகக் கிடக்கும் சேதுத் திட்டுகளின் மேலேயே பாலம் போட்டு ரயிலை நேராக இலங்கைக்குள் கொண்டுபோய்விடலாம் என்ற யோசனைகூட அப்போது இருந்தது. செலவைப் பார்த்துவிட்டு, மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் இடையில் மட்டும் பாலம், மீதிக்குக் கப்பல் என்று முடிவு செய்தார்கள்.

தென்னிந்திய ரயில்வே கட்டிய பாம்பன் பாலம் 1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்டது. நீளம் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். நடுவே கப்பல் போகும்போது இரண்டு பக்கமும் மேலே தூக்கித் திறக்கும் ஷெர்சர் தூக்குப் பகுதி. மோட்டார் எதுவும் கிடையாது, ஆட்கள் நின்று கையால் இயக்கித்தான் திறப்பார்கள். அதே ஆண்டில் இலங்கைப் பக்கத்திலும் தலைமன்னாருக்கு ரயில் பாதை வந்து சேர்ந்தது. இரண்டு பாதைகளையும் கப்பல் இணைத்தது. அப்படித்தான் போட் மெயில் என்று எல்லோரும் சொல்லும் அந்தப் பயணம் தனுஷ்கோடி வழியாக ஓடத் தொடங்கியது.

பாம்பனைத் தாண்டியதும் மீட்டர் கேஜ் பாதை இரண்டாகப் பிரிந்தது. ஒன்று கோயில் ஊரான ராமேஸ்வரத்துக்குப் போனது. மற்றொன்று ராமேஸ்வரத்துக்குள் நுழையாமல் தீவின் தென்புறமாக நீண்டு தனுஷ்கோடிக்குப் போனது. இன்று வரைபடத்தைப் பார்க்கிறவர்களுக்கு ராமேஸ்வரம்தான் கடைசி நிலையம், தனுஷ்கோடி அதற்கப்பால் ஏதோ ஓர் ஒதுக்குப்புறம் என்று தோன்றும். அன்றைக்கு நிலைமை நேர்மாறு. போட் மெயிலின் முதன்மைப் பாதை தனுஷ்கோடிக்குத்தான், ராமேஸ்வரம் அதிலிருந்து பிரிந்த கிளை.

சென்னை எழும்பூரில் ஒரே பயணச்சீட்டு எடுத்தால் போதும், கொழும்பு வரை போகலாம். ரயில் தனுஷ்கோடியில் நின்றதும் பயணிகள் இறங்கி, சுங்கச் சோதனை முடித்து, துறையில் நிற்கும் கப்பலில் ஏறுவார்கள். தொடக்கக் காலத்தில் கர்சன், எல்ஜின், ஹார்டிங் என்ற கப்பல்கள். பிற்காலத்தில் இர்வினும் கோஷனும். தலைமன்னார் துறையில் இறங்கினால் கொழும்புக்கு ரயில் காத்திருக்கும்.

யாரெல்லாம் இந்த வழியாகப் போனார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். வெள்ளைக்கார அதிகாரிகள், கொழும்பில் கடை வைத்திருந்த வணிகர்கள், காசி யாத்திரை முடித்துச் சேதுவில் தீர்த்தமாட வந்த பக்தர்கள், இவர்களோடு இலங்கைத் தேயிலை, ரப்பர் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போன தமிழர்கள். எண்ணிக்கையில் இந்தக் கடைசிக் கூட்டம்தான் பெரியது. அவர்களை மண்டபத்தில் இலங்கை அரசு நடத்திய முகாமில் தங்கவைத்து, நோய் இருக்கிறதா என்று பார்த்து, அதன் பிறகே கப்பலுக்கு அனுப்பினார்கள். மதுரை, ராமநாதபுரம், திருச்சி, சேலம் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் யாரோ ஒரு தாத்தாவோ பாட்டியோ இந்த நிலையத்தின் நடைமேடையில் மூட்டையோடு நின்றிருப்பார்கள். தனுஷ்கோடியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் முதல் வகுப்புப் பயணிகளை வர்ணிக்கும் அளவுக்கு இவர்களை எழுதுவதில்லை. எனக்கு அது பெரிய குறையாகத் தெரிகிறது.

நிலையத்தைச் சுற்றி ஊர் வளர்ந்தது. சுங்க அலுவலகம், துறைமுக அலுவலகம், தபால் நிலையம், ரயில்வே மருத்துவமனை, பள்ளிக்கூடம், தேவாலயம், ரயில்வே ஊழியர் குடியிருப்பு, மீனவர் குடிசைகள். சுவர்களுக்குப் பல இடங்களில் கடலிலிருந்து எடுத்த பவளக் கல்லையே பயன்படுத்தினார்கள். இவ்வளவும் நின்றது மணல் மேல்.

மணலின் கணக்கு

தனுஷ்கோடி நிலம் என்பது வடக்கே பாக் கடலுக்கும் தெற்கே மன்னார் வளைகுடாவுக்கும் நடுவில் கிழக்கு நோக்கி நீண்டு மெலிந்துகொண்டே போகும் மணல் திட்டு. அமைதியாக இருக்கும் வடக்குக் கடலை உள்ளூர் மீனவர்கள் பெண் கடல் என்பார்கள், அலை அடித்துக்கொண்டே இருக்கும் தெற்குக் கடலை ஆண் கடல் என்பார்கள். பல இடங்களில் ஒரு கரையில் நின்றால் மறுகரை தெரியும். மேடு என்று சொல்ல மணல் குன்றுகளைத் தவிர வேறெதுவும் இல்லை.

இந்த நிலம் ஒருபோதும் அசையாமல் இருந்ததில்லை. 1948, 1949-ஆம் ஆண்டுகளில் தனுஷ்கோடியின் மன்னார் வளைகுடா பக்கத்து நிலம் ஏறக்குறைய 5 மீட்டர் தாழ்ந்து, சுமார் அரை கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு பட்டை கடலுக்குள் போனது என்று இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ஆய்வு சொல்கிறது. அதாவது 1964-க்குப் பதினைந்து ஆண்டுக்கு முன்பே கடல் ஊரைத் தின்னத் தொடங்கிவிட்டது. அதற்குப் பிறகும் போட் மெயில் வந்துகொண்டேதான் இருந்தது, கப்பலும் போய்க்கொண்டேதான் இருந்தது. துறையை அங்கிருந்து நகர்த்தினால் கடல் பயணத்தின் தூரம் கூடும், அவ்வளவு முதலீடும் வீணாகும். ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றை நிறுத்தும் முடிவை எந்த நிர்வாகமும் எளிதில் எடுப்பதில்லை.

டிசம்பர் 22, 1964

புயலின் கரு டிசம்பர் மூன்றாம் வாரத்தில் தெற்கு அந்தமான் கடலில் உருவானது. நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில், ஏறக்குறைய 5 பாகை வட அட்சத்தில் அது வலுப்பெற்றது. அவ்வளவு தெற்கே புவிச் சுழற்சியின் விசை குறைவு என்பதால் புயல் சுழல் பிடிப்பது அரிது. வளர்ந்த புயல் மேற்கு, வடமேற்காக நகர்ந்து 22-ஆம் தேதி இலங்கையின் வவுனியா பகுதியைக் கடந்தது. அங்கும் பெரும் உயிர்ச்சேதம். இரவில் பாக் நீரிணையைத் தாண்டித் தனுஷ்கோடியின் மேல் வந்தது.

காற்றின் வேகம் மணிக்கு 240 முதல் 280 கிலோமீட்டர் வரை இருந்திருக்கும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். எழுந்து வந்த கடலின் உயரம் சுமார் 7 மீட்டர் என்று பதிவாகியிருக்கிறது. பாக் நீரிணை மிகவும் ஆழம் குறைந்த கடல். ஆழமான கடலில் புயல் தள்ளும் நீர் கீழே இறங்கி ஓடிவிடும். ஆழமில்லாத இடத்தில் அதற்குப் போக்கிடம் இல்லை, கரையில் ஏறித்தான் ஆக வேண்டும். நம் பகுதியில் புயல் இடஞ்சுழியாகச் சுற்றுவதால், மையம் நெருங்கும்போது காற்று வடக்கிலிருந்து அடித்துப் பாக் கடலின் நீரைத் தள்ளும், மையம் கடந்ததும் தெற்கிலிருந்து அடித்து மன்னார் வளைகுடாவின் நீரைத் தள்ளும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஊர் என்றிருக்கும் கடற்கரையில் ஓடுவதற்கு ஒரு திசை இருக்கும். தனுஷ்கோடியில் இரண்டு பக்கமும் கடல்.

அன்றிரவு பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்கு வழக்கமாகப் போகும் 653-ஆம் எண் பயணிகள் ரயில் கிளம்பியிருந்தது. பயணிகள் 110 பேர், ரயில்வே ஊழியர்கள் 5 பேர். இது பாம்பனிலேயே புறப்படும் உள்தீவு ரயில், பாலத்தைக் கடந்து வந்ததல்ல. நள்ளிரவுக்குச் சற்று முன், நிலையம் சில நூறு கெஜ தூரத்தில் இருக்கும்போது சிக்னல் கிடைக்காமல் ரயில் நின்றதாகவும், டிரைவர் விசில் கொடுத்துக் காத்திருந்துவிட்டு, பதில் இல்லாததால் இருட்டில் மெல்ல முன்னேறியதாகவும் பதிவுகள் சொல்கின்றன. அப்போது எழுந்த அலை ரயிலை மொத்தமாக மூடியது. ஆறு பெட்டிகளும் போயின. ரயிலில் இருந்த 115 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. டிக்கெட் இல்லாமல் ஏறியவர்களையும் சேர்த்தால் எண்ணிக்கை இன்னும் கூடும் என்பார்கள்.

டிரைவர் சிக்னல் இல்லாமல் முன்னேறியது தவறா என்று கேட்பவர்கள் உண்டு. இடத்தை வைத்துப் பார்த்தால் அந்தக் கேள்விக்கே பொருளில்லை என்பது என் கருத்து. அவர் நின்ற இடமும் மணல் திட்டு, போக நினைத்த இடமும் மணல் திட்டு. பின்னால் போவதென்றால் மேட்டு நிலத்துக்குப் பல கிலோமீட்டர் இருட்டில், மணல் மூடிய தண்டவாளத்தில் பின்னோக்கி ஓட்ட வேண்டும். நின்றிருந்தாலும் அதே அலைதான் வந்திருக்கும். நிலையத்தை அடைந்திருந்தாலும் அப்படித்தான், ஏனென்றால் நிலையமும் மிஞ்சவில்லை. உயிர்களைக் காப்பாற்றக்கூடிய முடிவு ஒன்றே ஒன்றுதான்: பாம்பனிலிருந்து ரயிலைக் கிளப்பாமல் இருப்பது. அந்த முடிவை எடுக்கத் தேவையான தகவல் அன்றைக்குப் பாம்பனில் யார் கையிலும் இல்லை. இந்தியாவின் முதல் புயல் கண்டறியும் ராடார் விசாகப்பட்டினத்தில் வந்ததே 1970-ல்தான். இன்று பாம்பன் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் தானாகச் சிவப்பாகி ரயில் நிறுத்தப்படுகிறது. அன்றைக்கு அப்படி எதுவும் இல்லை.

ஊரும் போனது. தந்திக் கம்பிகள் அறுந்ததால் நடந்தது என்ன என்பது வெளியே தெரியவே நேரமாயிற்று. இந்தியாவிலும் இலங்கையிலுமாக இறந்தவர்கள் சுமார் 1,800 பேர். தனுஷ்கோடி மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று சென்னை மாநில அரசு அறிவித்தது.

மீட்டதும் கைவிட்டதும்

இப்போது பாலத்துக்கு வருவோம். தூண்கள் நின்றன, தூக்குப் பகுதியும் தப்பியது, மீதித் தூலங்களில் பெரும்பாலானவை காணாமல் போயின. சீரமைக்க முதலில் ஆறு மாதம் என்று கணக்கிட்டார்கள். பின்னர் மேலதிகாரி அதை மூன்று மாதமாகக் குறைத்தார். வேலையை நடத்தியவர் அப்போது 32 வயதான ஈ. ஸ்ரீதரன், பிற்காலத்தில் கொங்கண் ரயில்வேக்கும் டெல்லி மெட்ரோவுக்கும் பெயர்பெற்றவர். புதுத் தூலம் செய்து கொண்டுவந்தால் நாளாகும். கடலுக்குள் கிடந்த தூலங்கள் இருக்குமிடத்தை மீனவர் காட்டிக்கொடுக்க, அவற்றையே தூக்கி எடுத்துத் திரும்பத் தூண்களில் வைத்தார்கள். 46 நாளில் வேலை முடிந்தது. இந்தச் சாதனையைப் பேசும்போது பொறியாளரின் பெயர் நிற்கிறது, கடலைத் தெரிந்த மீனவர்களின் பங்கு ஒரு வரியில் முடிந்துவிடுகிறது.

அவ்வளவு வேகம் காட்டியவர்கள் ஏன் தனுஷ்கோடிப் பாதையைத் தொடவில்லை? பாலத்தின் தூண்கள் நின்றன, அதனால் மேலே போனதைத் திரும்ப வைக்க முடிந்தது. தனுஷ்கோடியில் திரும்ப வைப்பதற்கு அடியில் எதுவும் இல்லை. பாதை கிடந்த மணலே இடம் மாறிவிட்டிருந்தது. பாலம் இல்லாவிட்டால் ஒரு தீவே துண்டாகிவிடும், ராமேஸ்வரம் கோயிலுக்கு வரும் பக்தர்கள் நின்றுவிடுவார்கள். தனுஷ்கோடி இல்லாவிட்டால் கப்பலை வேறு இடத்திலிருந்து விட்டால் போதும். அப்படியே செய்தார்கள். ராமேஸ்வரம் கடைசி நிலையமானது, தலைமன்னாருக்குக் கப்பல் ராமேஸ்வரத்திலிருந்து போனது. கப்பலுக்காக மட்டும் பிறந்த நிலையத்துக்குக் கப்பல் இல்லை என்றதும் வேலையும் இல்லாமல் போயிற்று.

ரயில்வேயின் அந்த முடிவு சரியானது என்றே நினைக்கிறேன். திரும்பக் கட்டியிருந்தால் அடுத்த புயலுக்கு இன்னொரு ரயில் காத்திருந்திருக்கும்.

இதில் அதிகம் பேசப்படாத ஒரு விஷயம் காலம். 1964 அக்டோபர் 30 அன்று இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. இலங்கையின் மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தர வேண்டும், மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. எந்த நிலையத்தின் வழியாக அவர்களுடைய முன்னோர் போனார்களோ, அதன் வழியாகவே அவர்கள் திரும்ப வந்திருக்க வேண்டும். ஒப்பந்தத்துக்கு எட்டு வாரத்துக்குள் நிலையம் இல்லை. தலைமுறைகளாக இலங்கையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமுக்குப் போய், அங்கிருந்து நீலகிரிக்கும் வேறு மாவட்டங்களுக்கும் அனுப்பப்பட்டார்கள். 1983 கலவரத்தைத் தொடர்ந்து வந்த ஆண்டுகளில் அந்தக் கப்பலும் நின்றது. போட் மெயில் என்ற பெயர் மட்டும் சென்னை - ராமேஸ்வரம் இரவு ரயிலுக்கு இன்னும் வழங்குகிறது.

திரும்பப் பாதை வேண்டுமா?

தனுஷ்கோடிக்கு மீண்டும் ரயில் விடும் பேச்சு அவ்வப்போது கிளம்பும். ஒரு கட்டத்தில் அது பேச்சைத் தாண்டியது. 2019 மார்ச் 1 அன்று கன்னியாகுமரியில் பிரதமர் மோடி அடிக்கல் நாட்டிய திட்டங்களில் ராமேஸ்வரம் - தனுஷ்கோடி அகல ரயில் பாதையும் ஒன்று. ஏறக்குறைய 17 கிலோமீட்டர். அதே நாளில் அடிக்கல் நாட்டப்பட்ட புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டுவிட்டது. தனுஷ்கோடிப் பாதைக்குச் சுற்றுச்சூழலையும் நிலத்தையும் காரணம் காட்டி மாநில அரசு இசையவில்லை, திட்டம் கைவிடப்பட்டது.

எனக்கும் அந்தத் திட்டத்தில் உடன்பாடு இல்லை. 1914-ல் அங்கே பாதை போட ஒரு காரணம் இருந்தது. ரயில் முடியும் இடத்தில் கப்பல் நின்றது. இன்று அங்கே கப்பல் இல்லை. இலங்கைப் பக்கம் போரில் அழிந்த தலைமன்னார் பாதையை இந்தியாவின் இர்கான் நிறுவனம் புதுப்பித்து, 2015 மார்ச்சில் துறைவரை ரயில் ஓடத் தொடங்கியது உண்மைதான். ஆனால் 2023 அக்டோபரில் மீண்டும் தொடங்கிய பயணிகள் கப்பல் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குத்தான் போகிறது. சுற்றுலாவுக்கென்றால் 2017-ல் நிலம் முடியும் அரிச்சல்முனை வரை தார்ச்சாலையே வந்துவிட்டது. முன்பு வேன்காரர்கள் மணலிலும் தண்ணீரிலும் ஓட்டிக் கூட்டிப்போன இடத்துக்கு இப்போது பேருந்தில் போகலாம். 2025 ஜூனில் அங்குள்ள சதுப்பு நிலத்தைத் தமிழக அரசு பூநாரைகளுக்கான சரணாலயமாக அறிவித்தது. கடலாமை முட்டையிடும் கரையும் அதுதான். அந்த மணலில் கரை எழுப்பி, ஜல்லி கொட்டி, தண்டவாளம் போடுவதால் யாருக்கு என்ன கிடைக்கும்?

வேறு வேலை இருக்கிறது. நிலையத்தில் மிஞ்சியிருப்பது வளைவுள்ள சில சுவர்கள், தண்ணீர்த் தொட்டியின் மிச்சம், காற்று மணலை ஒதுக்கும்போது வெளியே தெரியும் பாதையின் தடம். தேவாலயத்தின் பவளக் கல் சுவர்களும் உப்புக் காற்றில் கரைந்துகொண்டிருக்கின்றன. படம் எடுக்க வருகிறவர்கள் அவற்றின் மேல் ஏறுகிறார்கள், பெயர் கீறுகிறார்கள். அழிந்ததை அழகாக்கிக் கட்டச் சொல்லவில்லை. நிற்கிற சுவரை நிற்கும் நிலையில் தாங்கிப் பிடிக்கவும், சுற்றி ஆள் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தவும் பழைய கட்டடம் காப்பவர்களுக்கு வழி தெரியும். பேருந்து நிற்குமிடத்தருகே புயலைக் குறிக்கும் நினைவுக்கல் ஒன்று இருக்கிறது. அது அழிவைச் சொல்கிறது. 653-ஆம் எண் ரயிலில் போனவர்களின் பெயரும் ஊரும் ரயில்வே பதிவுகளிலிருந்து தேடி எடுக்கப்பட்டு, நிலையச் சுவரருகே ஒரு பலகையில் எழுதப்பட வேண்டும். தோட்டத்துக்குப் போனவர்கள், திரும்பி வந்தவர்கள் ஆகியோரின் கதையும் அங்கேயே சொல்லப்பட வேண்டும். நேரில் கண்டவர்களில் அன்று சிறுவர்களாக இருந்தவர்களே இப்போது எழுபதைத் தொட்டுவிட்டார்கள்.

அரசு வாழத் தகுதியற்றது என்று அறிவித்த அந்த ஊரில் மீனவக் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. மணலில் கொஞ்சம் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும் இடங்கள் அவர்களுக்குத் தெரியும், அதை வைத்துத்தான் பிழைத்தார்கள். இடிபாடுகளைப் பாதுகாக்கும் எந்தத் திட்டமும் அவர்களை வெளியேற்றும் திட்டமாக மாறிவிடக் கூடாது. அங்கே வழிகாட்டியாகவும் காவலராகவும் யாரையாவது நியமிப்பதென்றால் முதல் உரிமை அவர்களுக்குத்தான்.